மகமை முதல் உள்குத்தகை வரை: விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தில் வணிக நிதி மேலாண்மையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வணிக நிதியின் அடிப்படைக் கோட்பாடுகள் இன்று வணிகவியல் மாணவர்க்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படுகின்றன. முதலீட்டு முடிவு, நிதியாக்க முடிவு, இலாபப் பங்கீட்டு முடிவு, நடைமுறை மூலதன மேலாண்மை, இடர் மேலாண்மை ஆகியன அவை. இக்கோட்பாடுகள் பாடநூலாக வருமுன்பே விருதுநகர் – சிவகாசி வட்டார வணிகரிடையே நடைமுறையாக விளங்கின. பேட்டை, மகமை, நாடார் வங்கி, தீப்பெட்டித் தொழில், பட்டாசுத் தொழில் என்னும் வரிசையில் அந்நடைமுறையின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. நிதி ஏற்பாடு ஒவ்வொன்றும் தொழிலின் இடரை யார் மீது சுமத்தியது என்னும் வினாவே இதன் மையமாகும்.

திறவுச்சொற்கள்: மகமை, உறவின்முறை, பேட்டை, நடைமுறை மூலதனம், முன்பணம், உள்குத்தகை, இடர்

முன்னுரை

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில், அருச்சுனா ஆற்றின் குறுக்கே அணை அமைந்துள்ள ஊர் ஆனைக்குட்டம். இவ்வூருக்கு ஒருபுறம் பருத்தி, மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் மொத்த வணிகத்தால் பெயர்பெற்ற விருதுநகர் உள்ளது. மறுபுறம் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் வளர்ந்த சிவகாசி உள்ளது. ஒன்று கடனும் கணக்கும் பழகிய நகரம். மற்றொன்று அக்கணக்கைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்ற நகரம். இரண்டுக்கும் உழைப்பை வழங்கியவை ஆனைக்குட்டம் போன்ற வானம் பார்த்த ஊர்கள்.

இவ்வட்டாரம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் சென்றுள்ளன. ஒரு திசை, நாடார் சமூகத்தின் எழுச்சியைப் பேசுவது. இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நூல் இதற்குத் தலையாய சான்று. மற்றொரு திசை, குழந்தை உழைப்பையும் வெடிவிபத்துகளையும் பேசுவது. முதல் திசை முதலாளியின் பேரேட்டை விளக்குகிறது; இரண்டாம் திசை தொழிலாளியின் துன்பத்தை விளக்குகிறது. இரண்டையும் ஒரே கணக்கேட்டின் பற்று, வரவுப் பக்கங்களாக வைத்துப் படிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மகமை: இலாபத்திற்கு முந்திய பங்கீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்பகுதியிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் வணிகத் தளங்களை அமைத்தனர். விருதுபட்டியே 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மாட்டுவண்டியில் சரக்கேற்றிச் சென்ற அக்காலத்தில் வழிப்பறி அச்சம் மிகுதி. ஆகவே சரக்கையும் வண்டியையும் மாட்டையும் பாதுகாக்க மதில் சூழ்ந்த வளாகங்கள் தேவைப்பட்டன. அவையே பேட்டைகள்.

பேட்டையைக் கட்டவும் காக்கவும் தனி வணிகர் எவரிடமும் போதிய பணம் இல்லை. பேட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்குச் செலுத்தினர். இத்தொகை மகமை எனப்பட்டது. இந்நிதியை ஊர்தோறும் உறவின்முறை நிருவகித்தது.

வணிகர் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட பொதுப்பங்கு தமிழகத்திற்குப் புதிதன்று. பிரான்மலைக் கல்வெட்டில், வணிகக் குழுவினர் பல்வேறு சரக்குகள்மீது அளவு குறித்துக் கோயிலுக்கு ஒதுக்கிய செய்தி உள்ளது. நகரத்தார் வணிகத்திலும் மகமை என்னும் சொல் வழங்கியது. எனினும் விருதுநகர் வட்டாரத்து மகமை, கோயில் கொடை என்னும் எல்லையைக் கடந்து வணிக உள்கட்டமைப்புக்கும் கல்விக்கும் முதலாயிற்று. 1889இல் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை இதற்குச் சான்று. பிற்காலத்தில் காமராசர் பயின்ற அப்பள்ளிக்கு வணிகரின் மகமையும், வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் துணையாயின.

நிதி மேலாண்மைப் பாடத்தில் இலாபப் பங்கீடு இறுதியில் வரும் முடிவாகும். விற்பனையிலிருந்து செலவு, வட்டி, வரி ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதில் எவ்வளவு பகிர்வது, எவ்வளவு தொழிலில் நிறுத்துவது எனத் தீர்மானிப்பர். மகமை இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. அது இலாபத்தின்மீது விதிக்கப்படாமல் சரக்கின்மீது விதிக்கப்பட்டது. ஆகவே இலாபம் இல்லாத ஆண்டிலும் செலுத்தியாக வேண்டும். வணிகருக்கு இது ஒரு நிலையான சுமையாகத் தோன்றலாம். ஆயினும் இலாபத்தை மறைக்க இயலும். பேட்டைக்குள் நுழையும் மூட்டையை மறைக்க இயலாது. நம்பத்தக்க கணக்குமுறை இல்லாத காலத்தில் எண்ணத்தக்க பொருளின்மீது பங்கு வைத்தது, தணிக்கைச் செலவு இல்லாமல் நிதி திரட்டும் வழியாயிற்று.

இடர் நோக்கில் மகமையின் தன்மை தெளிவானது. கொள்ளை, பகை ஆகியவற்றால் ஒருவருக்கு நேரும் இழப்பைத் தடுக்கும் செலவு எல்லோருக்கும் பகிரப்பட்டது. 1899இல் நிகழ்ந்த சிவகாசிக் கலவரத்தின் பின்னணியில் நோக்கினால், இப்பாதுகாப்பு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும். அதே வேளையில் இப்பகிர்வுக்கு எல்லையும் இருந்தது. உறவின்முறைக்குள் இருந்தோர்க்கே நிதியின்மீது உரிமை. மூட்டை சுமந்தவர், வண்டி ஓட்டியவர், கரிசலில் பருத்தி எடுத்தவர் பலர் அவ்வட்டத்திற்கு வெளியே இருந்தனர். இவ்வெல்லை பின்னர் தொழிற்சாலைக்குள்ளும் தொடர்ந்தது.

நாடார் வங்கி: பொதுநிதியிலிருந்து பங்குமுதலுக்கு

மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை 1876இல் திறக்கப்பட்டபின் விருதுபட்டியின் சந்தை துறைமுகத்தோடு இணைந்தது. வண்டிப் பயணத்தின் இடர் குறைந்தது. சரக்கின் அளவு பெருகியது. இப்போது வணிகருக்கு மதில் தேவைப்பட்டதைவிடக் கடன் மிகுதியாகத் தேவைப்பட்டது. கைமாற்று, உறவினர் முதல், வட்டிக்கடன் ஆகியன பெருகிய சரக்குக்குப் போதவில்லை.

1910இல் தொடங்கப்பெற்ற நாடார் மகாஜன சங்கத்தின் முயற்சியால் வங்கி ஒன்று அமைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. 1921 மே 11இல் நாடார் வங்கி நிறுமமாகப் பதிவு செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தூத்துக்குடியில் செயற்படத் தொடங்கியது. 1962இல் இது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாற்றப்பட்டது.

மகமைக்கும் வங்கிக்கும் இடையிலான வேறுபாடு நிதியாக்கக் கோட்பாட்டின் அடிப்படையைத் தொடுகிறது. மகமை செலுத்தியவர் தொகையைத் திரும்பப் பெறுவதில்லை. பங்கு வாங்கியவர் ஈவுத்தொகைக்கு உரியவர். மகமை உறுப்பினரின் கடமை. பங்கு முதலீட்டாளரின் விருப்பம். எல்லாவற்றினும் முக்கியமானது பொறுப்பின் வரையறை. 1906இல் சென்னையின் அர்புத்நாட்டு நிறுவனம் வீழ்ந்தபோது, வைப்புத்தொகை இழந்த குடும்பங்களின் அவலம் தென்னாடெங்கும் பேசப்பட்டது. கூட்டாண்மை நிறுவனங்கள்மீது எழுந்த அவநம்பிக்கை, பங்குமுதல் வங்கிகளை நோக்கி மக்களைத் திருப்பியது. 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது அச்சூழலில்தான். பங்குமுதல் வங்கியில் பங்குதாரரின் இழப்பு, அவர் செலுத்த ஒப்பிய தொகையோடு முடியும். அவருடைய வீடும் நிலமும் தொழிலின் கடனுக்கு ஈடாகா.

இருப்பினும் பங்குமுதல் என்னும் வடிவம் மட்டுமே வங்கியைக் காத்துவிடாது என்பதை 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியின் வீழ்ச்சி காட்டியது. நாடார் வங்கியின் தொடக்கக் கால வலிமை, கடன் பெறுவோரை நேரில் அறிந்த வணிகச் சமூகத்தில் வேரூன்றியிருந்தமை எனலாம். இன்றைய வங்கியியல் கடன் தகுதி மதிப்பீடு என்று எண்களால் செய்வதை, கடைவீதியின் சொல் அன்று செய்தது. இழப்பின் இடர் இங்கும் பகிரப்பட்டது. ஆனால் பகிர்ந்தவர்கள் தாமே முன்வந்து பங்கெடுத்தவர்கள்.

தீப்பெட்டி: பொறியா, கையா?

சிவகாசியைச் சேர்ந்த ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923இல் சிவகாசியில் உற்பத்தி தொடங்கியது. காலம் வாய்ப்பாக அமைந்தது. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிமீது குரோசு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் வரி விதிக்கப்பட்டதால் உள்நாட்டு உற்பத்திக்கு இடம் கிடைத்தது. அவ்வரியின் மதிலைத் தாண்ட முடியாத சுவீடிய நிறுவனம், 1923இல் விம்கோ என்னும் பெயரில் இந்தியாவிற்குள்ளேயே ஆலை அமைத்தது.

இங்கு முதலீட்டு முடிவு ஒன்று எதிர்ப்பட்டது. விம்கோவைப் போலப் பொறிகளில் முதலிடுவதா, கைவேலையை நம்புவதா? பொறி கொண்டு செய்த தொடக்க முயற்சி கட்டுபடியாகாமல், சிவகாசி கைவேலைக்குத் திரும்பியது. இதனைத் தொழில்நுட்பப் பின்தங்கல் எனக் கருதுவோர் உளர். நிதி நோக்கில் இது கணக்கறிந்த முடிவு. பொறி நிலை மூலதனத்தை விழுங்கும். விற்பனை குறைந்தாலும் தேய்மானமும் வட்டியும் குறையா. துண்டுக்கூலி உற்பத்தியோடு ஏறி, உற்பத்தியோடு இறங்கும். கடன் வசதி குறைந்த தொழில்முனைவோர் நிலைச்செலவைத் தவிர்த்து மாறும் செலவை ஏற்பது பாதுகாப்பான வழி.

அத்தோடு பெட்டி ஒட்டுதல், சட்டங்களில் குச்சி அடுக்குதல் முதலிய பணிகள் ஊர்ப்புறத்து வீடுகளுக்கும் சிறு கொட்டகைகளுக்கும் பிரித்தளிக்கப்பட்டன. வீட்டுத் திண்ணை தொழிற்கூடமாயிற்று; அதற்கு வாடகை இல்லை. விளக்கு, இடம், பசை காய்ச்சும் அடுப்பு ஆகியன தொழிலாளியுடையவை. முதலாளியின் ஐந்தொகையில் இடம்பெற்றிருக்க வேண்டிய நிலை மூலதனத்தின் ஒரு பகுதியைத் தொழிலாளர் குடும்பங்கள் வழங்கின. துண்டுக்கூலியின் மறுபக்கமும் இதுவே: சந்தை சுருங்கும்போது முதலாளியின் செலவு குறைகிறது என்றால், தொழிலாளியின் வருவாய் குறைகிறது என்பதே பொருள். குடும்பத்தின் கூலியைக் கூட்டக் குழந்தைகளின் கைகளும் அடுக்கும் வேலையில் சேர்ந்தன. தமிழக அரசு 1976இல் அமைத்த அர்பன்சு சிங் குழு சிவகாசியின் குழந்தை உழைப்பை ஆராய்ந்தது.

முன்கூட்டிய வரியும் நடைமுறை மூலதனமும்

1934ஆம் ஆண்டின் தீப்பெட்டி ஆயத்தீர்வைச் சட்டம் இத்தொழிலின் நிதியமைப்பை மாற்றியது. தீர்வை செலுத்தியமைக்கு அடையாளமாகப் பெட்டிமீது அரசுச் சுருள்வில்லை ஒட்டப்பட்டது. வில்லையைப் பணங்கொடுத்து வாங்கிய பின்பே பெட்டி ஆலையை விட்டு வெளியேறலாம். பெட்டி விற்று, மொத்த வணிகர் பணம் அனுப்பி, அது சிவகாசி வந்து சேரப் பல வாரங்களாகும். அதுவரை வரிப்பணம் உற்பத்தியாளரின் கையிலிருந்து போனது போனதே. குச்சிக்கும் மருந்துக்கும் கூலிக்கும் தேவைப்பட்ட முதலோடு, அரசுக்கு முன்கூட்டித் தரும் முதலும் சேர்ந்தது.

ஆலையின் அளவுக்கேற்பத் தீர்வை வேறுபடுத்தப்பட்டபோது மற்றொரு விளைவு தோன்றியது. சிறிய ஆலைக்குக் குறைந்த தீர்வை என்பதால், வளர்ந்து பெருகுவதைவிடப் பிரிந்து பெருகுவது இலாபகரமாயிற்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகளில் சிறு ஆலைகள் மலிந்தமைக்கு இவ்வரிக்கொள்கையும் ஒரு காரணம்.

பட்டாசுத் தொழிலில் நடைமுறை மூலதனச் சிக்கல் இன்னும் கடுமையானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறக்குமதி தடைப்பட்டதும், 1940இல் வெடிபொருள் விதிகள் வந்ததும் இத்தொழில் உரிமத்தின் கீழ் சிவகாசியில் வேரூன்ற வழிவகுத்தன. தீப்பெட்டி நாள்தோறும் விற்கும் பொருள். பட்டாசோ தீபாவளியை நம்பியது. ஆண்டு முழுவதும் உற்பத்தி, ஓரிரு வாரத்தில் விற்பனை என்பது இதன் இயல்பு.

ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஓர் ஆலைக்கு நாளொன்றுக்கு 1 இலட்சம் ரூபாய் செலவாகிறது. செலவான பணம் திரும்பச் சராசரியாக 240 நாள் ஆகிறது எனக் கொள்வோம். எந்த நாளிலும் 2.4 கோடி ரூபாய் தொழிலில் முடங்கியிருக்கும். 12 விழுக்காடு வட்டியில் ஆண்டுச் சுமை 28.8 இலட்சம் ரூபாய். வடநாட்டு மொத்த வணிகர் தீபாவளி கழிந்து மேலும் 60 நாள் தாமதித்தால் முடங்கும் தொகை 3 கோடியாகும்; வட்டி 36 இலட்சமாகும். விற்பனையோ விலையோ மாறாமலேயே 7.2 இலட்சம் ரூபாய் இலாபம் கரைந்துவிடும். இலாபம் ஏட்டில் இருக்க, கையில் பணம் இல்லாத நிலை இவ்வாறே நேர்கிறது. இலாபமும் ரொக்கமும் ஒன்றல்ல என்னும் பாடம் சிவகாசிக்குத் தீபாவளிதோறும் நினைவூட்டப்படுகிறது.

இச்சுழற்சியைச் சுருக்க இரு வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, மொத்த வணிகரிடமிருந்து முகவர் வழியாக முன்பதிவுப் பணம் பெறுதல். இரண்டாவது, துணைத்தொழிலை ஊருக்குள்ளேயே வளர்த்தல். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் முகப்புத்தாள் அச்சிடத் தொடங்கிய அச்சகங்கள், நாட்காட்டியும் குறிப்பேடும் அச்சிட்டு ஒரே பருவத்தை நம்பும் இடரைக் குறைத்தன.

முன்பணம் தொழிலாளருக்கும் தரப்பட்டது. தேர்ந்த கைகளைப் பருவம் முழுதும் தக்கவைக்க ஆலைகள் தொகை கொடுத்து, கூலியில் சிறிது சிறிதாகக் கழித்தன. பேரேட்டில் இது வரவேண்டிய தொகை, எனவே சொத்து. அதே தொகை, மழை பொய்த்த ஊரின் குடும்பத்திற்குக் கடன். கடன் தீரும்வரை வேறு ஆலைக்குச் செல்ல இயலாது. கணக்கியல் விதிப்படி இரு பதிவுகளும் சரியானவை. ஆனால் வரலாற்று ஆவணமாக நமக்குக் கிடைப்பது முதலாவது ஏடு மட்டுமே.

இடரின் விலை

நிதி மேலாண்மையின் முதல் நெறி, இடருக்கு விலை உண்டு என்பது. மிகுந்த இடரை ஏற்பவர் மிகுந்த வருவாயைப் பெற வேண்டும். பட்டாசுத் தொழிலில் உயிரிடரை ஏற்பவர் மருந்து கலப்பவரும் அதைக் குழாயில் செலுத்துபவரும் ஆவர்.

சிவகாசியில் தீப்பெட்டி தோன்றிய அதே 1923இல்தான் இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் விபத்தின் செலவு நெடுங்காலம் ஆலையின் அடக்கவிலையில் முழுமையாக இடம்பெறவில்லை. எம். சி. மேத்தா வழக்கில் 1990இல் உச்சநீதிமன்றம், சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்ய வேண்டும். அதற்கான கட்டணத்தை முதலாளியே ஏற்க வேண்டும் என ஆணையிட்டது. அதே வழக்கில் 1996 டிசம்பர் 10இல் வந்த தீர்ப்பு, சட்டத்திற்கு மாறாக வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. நிதி மொழியில் கூறினால், இவ்விரு தீர்ப்புகளும் ஏட்டிற்கு வெளியே கிடந்த செலவுகளை ஏட்டிற்குள் கொணர்ந்தன.

இதற்கு எதிர்த்திசையில் சென்ற ஏற்பாடு உள்குத்தகை. ஓர் ஆலையில் எத்தனை அறை, ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பவற்றை உரிமம் வரையறுக்கும். உரிமம் பெற்றவர் அறைகளைப் பிறருக்குக் குத்தகைக்கு விடுகையில், மாறும் இலாபத்தை நிலையான வாடகையாக மாற்றிக்கொள்கிறார். முதலீட்டாளராக அவர் இடரைக் குறைத்துக்கொண்டார் என்றே கணக்கு சொல்லும். குத்தகை எடுத்தவரோ குறுகிய பருவத்திற்குள் வாடகையையும் வட்டியையும் மீட்க வேண்டியவர். அவருக்கு உள்ள வழி, அளவுக்கு மிஞ்சிய ஆட்களையும் மருந்தையும் அறைக்குள் புகுத்துவதே. அறைகளுக்கிடையே விடவேண்டிய வெளியிலும் மரத்தடியிலும் வேலை நடக்கும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்திலும் நேர்ந்த பெருவிபத்துகளை அடுத்து, உள்குத்தகை முறை பரவலாகக் கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

2018 அக்டோபர் 23இல் உச்சநீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்தபின், இருப்புச் சரக்கு விற்காமல் போகும் இடரும் சேர்ந்தது. இவ்வகைச் சந்தை நெருக்கடி ஒவ்வொன்றும் உள்குத்தகை போன்ற இடர்மாற்று ஏற்பாடுகளுக்கு மேலும் ஊக்கமளிக்கும் என்பது கருதத்தக்கது.

முடிவுரை

பேட்டைக் காலத்து மகமை, இழப்பின் அச்சத்தை உறுப்பினர் அனைவர்க்கும் பகிர்ந்தது. நாடார் வங்கி அதனை விரும்பி முன்வந்த பங்குதாரர்க்கு, ஓர் எல்லையோடு பகிர்ந்தது. துண்டுக்கூலியும் வீட்டுவேலையும் சந்தை இடரைத் தொழிலாளர் குடும்பத்திற்கு நகர்த்தின. முன்பணம் அக்குடும்பத்தை ஆலையோடு பிணைத்தது. உள்குத்தகை உயிரிடரை, அதற்கு விலை கேட்க வலிமையற்றவரிடம் சேர்த்தது. நிதி நுட்பம் காலந்தோறும் கூர்மையடைந்துள்ளது. இடரைப் பகிரும் வட்டமோ விரியவில்லை.

இதனால் அக்கால வணிகரின் அறிவும் ஈகையும் குறைந்துவிடா. விருதுநகரில் 1947இல் தோன்றிய செந்திக்குமார நாடார் கல்லூரியும், சிவகாசியில் 1963இல் தோன்றிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், வணிகத்தில் ஈட்டிய பொருள் கல்விக்குத் திரும்பியதன் சான்றுகள். கருத வேண்டியது ஒன்றே. மகமை இலாபத்தைக் கணக்கிடுமுன் எடுத்துவைக்கப்பட்டது. பாதுகாப்புச் செலவோ இலாபத்தைக் கணக்கிட்டபின் எஞ்சினால் செய்யப்படுவதாகவே பல ஆலைகளில் இருந்துவந்துள்ளது. மூட்டைக்கு இவ்வளவு எனப் பேட்டையைக் காக்க எடுத்துவைத்த அதே முறையில், பட்டாசுப் பெட்டிக்கு இவ்வளவு எனத் தொழிலாளர் பாதுகாப்பு நிதிக்கு ஒதுக்குவது இவ்வட்டாரத்திற்கு அந்நியமான கருத்தன்று. அதன் முன்மாதிரி இம்மண்ணின் பேரேட்டிலேயே உள்ளது. ஆனைக்குட்டம் போன்ற ஊர்களின் குடும்பக் கடன்களையும் கூலிச் சீட்டுகளையும் வாய்மொழி வரலாறாகத் தொகுத்து ஆலைக் கணக்குகளோடு ஒப்பிடும் ஆய்வுகள் இனி மேற்கொள்ளப்படுதல் வேண்டும்.